முப்பத்தொன்றாம் படிவம்

லா ஃபெலிசியா மேல்நிலைப் பள்ளியில் மூன்று பாடங்களுக்கு நான் ஒருவனே வாத்தியார். என்னை எடுத்தது வணிகவியலுக்கு. பொருளாதாரம் எடுத்த மிஸ் போல்கார்ட் டொரண்டோவுக்குப் போனதும், இரண்டும் அக்கா தங்கை மாதிரிதானே என்று அதையும் என் தலையில் கட்டினார்கள். கம்ப்யூட்டர் வாத்தியார் எண்ணெய்க் கம்பெனிக்குப் போனதும் பிரின்சிபால் மிஸஸ் ஹோஸ்பெடாலஸ் என்னைக் கூப்பிட்டு, “மிஸ்டர் சூக்டியோ, உங்ககிட்ட லேப்டாப் இருக்குல்ல?” என்று கேட்டார். இருந்தது. அத்துடன் நேர்காணல் முடிந்தது.

ஆள் பற்றாக்குறை என்று சொன்னால் பள்ளிக்குக் கௌரவமில்லை. அதனால் அதற்கு ‘வணிக, பொருளாதார, தகவல் நுட்ப மேன்மை மையம்’ என்று பெயர் வைத்தோம். தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து ஓர் அதிகாரி வந்து ரிப்பன் வெட்டினார். மையம் என்பது பழைய சமையல் வகுப்பு. பாத்திரம் கழுவும் தொட்டி இன்னும் மூலையில் இருக்கிறது. அதன் மேல் பலகை போட்டுப் பிரிண்டரை வைத்தோம். பிரிண்டருக்கான மை பிரின்சிபால் அறை அலமாரியில் பூட்டுக்குள் இருக்கும். பன்னிரண்டு கம்ப்யூட்டர்களில் ஏழு ஓடும். ஓடாத ஐந்துக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவேயில்லை. பார்க்கப் புதிதாக இருப்பதால், விருந்தாளி வரும் நாளில் அவற்றைத்தான் முன்வரிசையில் வைப்போம்.

மையம் என்று ஒன்று இருந்தால் தலைவர் என்று ஒருவர் வேண்டும். துறைத் தலைவர் பதவிக்கு ஜூலையில் ஆள் எடுக்கப்போவதாகப் பிரின்சிபால் ஜாடையாகச் சொல்லியிருந்தார். மூன்று பாடத்துக்கும் இருப்பது நான் ஒருவன் என்பதால் எனக்குப் போட்டி இல்லை. என் வேலைக்கு நானே தலைவனாவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. சாலைச் சந்திப்பில் சீபரனின் ஹார்டுவேர் கடை இருக்கிறது. அதன் மாடியில் வெள்ளியும் சனியும் டியூஷன். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு வெள்ளைப் பலகை, கீழேயிருந்து வரும் பெயிண்ட் வாசனை. பகலில் வகுப்பில் ஒரு பாடத்தைத் தொடங்குவேன். சூடு பிடிக்கும் சமயத்தில் சாக்பீஸைக் கீழே வைத்து, “மீதிய மாடியில பாத்துக்கலாம்” என்பேன். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மீதியைக் கற்க என் அப்பா ஒரு மாட்டை விற்றார்.

ஐந்தாம் ஃபார்ம் என்றால் பள்ளிப் படிப்பின் பெரிய பரீட்சை. எழுத்துத் தேர்வோடு ஒவ்வொரு பிள்ளையும் பொருளாதாரத்தில் ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். அதற்கு நாற்பது மார்க். சந்தையில் நடக்கும் ஏதாவது ஒன்றை எடுத்து, முப்பது பேரிடம் வினாப் படிவம் கொடுத்து, அவர்கள் சொன்னதை அலசி எழுத வேண்டும். யாரும் முப்பது பேரிடம் போவதில்லை. பிள்ளைகள் மேக்ஸி வேனில் வீட்டுக்குப் போகும் வழியில், நாலைந்து நிறப் பேனாக்களோடு, கையெழுத்தை இடமும் வலமும் சாய்த்து, முப்பது படிவங்களையும் தாங்களே நிரப்பிவிடுவார்கள். எனக்கு அது தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். கார்னிவலுக்கு முந்தின வாரம் எங்கள் வழித்தட வேன்களில் ஏறினால், இந்தத் தீவின் மக்கள்தொகையே அங்கே உட்கார்ந்து உற்பத்தியாவதைப் பார்க்கலாம்.

ஜனவரியில் தலைப்பு கேட்டேன். “கண்ணுக்கு முன்னாடி இருக்கிற விஷயமா எடுங்க. அதுதான் பொருளாதாரம்” என்றேன். வருஷா வருஷம் சொல்லும் வரி.

“சார், டபுள்ஸ் விலை!” தெருமுனையில் விற்கும், கடலை வைத்து மடித்த ரொட்டியைச் சொன்னான் ஒருவன்.

“போன வருஷம் ஆறு பேர் டபுள்ஸ். படிச்சுப் படிச்சு எனக்கு நெஞ்செரிச்சலே வந்துருச்சு. வேற?”

“சார், சிமெண்ட்” என்றான் ஜேரன். ஹார்டுவேர் சீபரனின் மகன்.

“சிமெண்ட் மூட்டைய ஒருநாளாவது தூக்கியிருக்கியாடா?”

“ஏசி ரூம்லேந்து பாத்திருக்கேன் சார்.”

“போதும். எழுதிக்கோ.”

கடைசி வரிசையிலிருந்து அகீலா குவாமினா கையைத் தூக்கினாள். உயரமான, அதிகம் பேசாத பெண். என் வகுப்பில் அடிக்கடி சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். மணி எப்போது அடிக்கும் என்று காத்திருக்கிறாள் போல என்று நினைத்திருந்தேன்.

“சார், டியூஷன எடுத்துக்கட்டுமா?”

“டியூஷனையா?”

“பசங்க ஏன் டியூஷனுக்குப் போறாங்கன்னு. தேவை, அளிப்பு ரெண்டுமே அதுல இருக்கு சார். கண்ணுக்கு முன்னாடியும் இருக்கு.”

எனக்கு அது இலவச விளம்பரமாகத் தோன்றியது. “பிரமாதமான தலைப்பு” என்று சொல்லி அனுமதிப் படிவத்தில் கையெழுத்தும் போட்டேன்.

அவள் மாடிக்கு வந்ததில்லை. அம்மா ஒரு கிடங்கில் காவல் வேலை, பெரும்பாலும் ராத்திரி முறை. பள்ளி விட்டதும் இரண்டு தம்பிகளை இவள்தான் கூட்டிப்போய்ச் சோறு போட வேண்டும். ஆறாம் ஃபார்மில் பொருளாதாரம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு இந்தப் பரீட்சையில் இரண்டாம் தரமாவது வாங்க வேண்டும். எழுத்துத் தேர்வில் டியூஷன் பிள்ளைகளோடு மோத முடியாது. ப்ராஜெக்டில்தான் எடுக்க வேண்டும். இதை அவளே ஒருநாள், கடைச் சாமான் பட்டியலைச் சொல்வதுபோல என்னிடம் சொன்னாள்.

பிப்ரவரியில் பள்ளியில் ஒரு விபரீதம் நடந்தது. அகீலா நிஜமாகவே ஆட்களிடம் போய்க் கேட்க ஆரம்பித்தாள். அட்டையில் கிளிப் போட்டுப் படிவங்களைச் செருகிக்கொண்டு உணவு நேரத்தில் மாமரத்தடிக்குப் போவாள்.

“ஏய், அரசாங்க ஆபீசர் வர்றா, ஓடுங்கடா!”

“பேரு போட வேணாம்டா. கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போ.”

“என்ன குடுப்ப?”

“ஒண்ணும் குடுக்க மாட்டேன். குடுத்தா நீ பொய் சொல்லுவ.”

ஒரு வாரம் கழித்து என்னிடமும் ஒரு படிவத்தோடு வந்தாள்.

“சார், இது உங்களுக்கு. முப்பத்தொண்ணாவது.”

“முப்பது போதுமேம்மா.”

“முப்பது பேரும் வாங்குறவங்க. விக்கிறவரையும் கேக்கணும்ல சார்? பாடத்துல அப்படித்தான போட்டிருக்கு.”

விற்கிறவர் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. படிவத்தை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டேன். “வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தாப் போதும் சார்” என்றாள். வெள்ளி வந்தது. அதன் பிறகும் பல வெள்ளிகள் வந்தன.

ஏப்ரலில் பதினேழு ப்ராஜெக்டும் மேசைக்கு வந்தன. எடையைப் பார்த்து மார்க் போடுகிறவன் நான். ஜேரனுடையது சுருள் கம்பி போட்டு, வழவழ அட்டையில் சிமெண்ட் லாரிப் படத்தோடு கனமாக இருந்தது. புரட்டாமலே முப்பத்தைந்து போட்டேன். அகீலாவுடையது மெல்லியது. பிரிண்டருக்கு மை கிடைக்காததால் கட்டங்களைக் கையால் கோடு போட்டு வரைந்திருந்தாள். தலைப்பு என் தொழில் என்பதால் மட்டும் முதல் பக்கத்தைத் திறந்தேன். நின்றபடி படிக்க ஆரம்பித்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

முப்பது பேரில் இருபத்து மூன்று பேர், “வகுப்பில் பாடம் பாதியில் நின்றுவிடுவதால் டியூஷன் போகிறோம்” என்று சொல்லியிருந்தார்கள். ஏழு பேர், “அம்மா சொன்னதால்.” ‘நன்றாகப் புரிகிறது என்பதால்’ என்று ஒரு கட்டமும் இருந்தது. அதில் யாரும் டிக் போடவில்லை.

அடுத்த பக்கம்தான் என்னை உட்கார வைத்தது. இருபது வகுப்புகளை அவள் கடிகாரம் பார்த்து அளந்திருந்தாள். ஒரு வகுப்பு முப்பத்தைந்து நிமிடம். பாடம் நடந்தது சராசரியாகப் பதினான்கு நிமிடம். மீதி எங்கே போனது என்பதற்கு ஒரு வட்ட வரைபடம்: வருகைப் பதிவு, மின்விசிறி சரிசெய்தல், ஆசிரியரின் கைபேசி, கிரிக்கெட். கிரிக்கெட்டுக்குப் பச்சை நிறம் தீட்டியிருந்தாள்.

முடிவுரை இப்படி இருந்தது: “ஒரே விற்பனையாளர் இரண்டு கடை வைத்திருக்கிறார். ஒன்றில் சரக்கு இலவசம். மற்றதில் விலைக்கு. இலவசக் கடையில் சரக்கு குறைந்தால்தான் மற்றதில் கூட்டம் சேரும். இது ஆசிரியரின் குணத்தைப் பற்றிய முடிவு அல்ல. யாராக இருந்தாலும் இப்படித்தான் நடந்துகொள்வார் என்று பாடநூல் சொல்கிறது. குறிப்பு: முப்பத்தொரு படிவங்கள் தரப்பட்டன. முப்பது திரும்பி வந்தன.”

திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டுகிற பிள்ளைக்கு மார்க் குறைக்க ஆயிரம் வழி இருக்கிறது. இவள் என்னை மன்னித்திருந்தாள், அதுவும் பாடநூலை மேற்கோள் காட்டி. நான் மாடியில் மட்டுமே நடத்தும் தேவை நெகிழ்ச்சிப் பாடத்தை, மாடிக்கு வராத இந்தப் பெண், என்னைவிடத் தெளிவாக ஒரு பக்கத்தில் விளக்கியிருந்தாள். பதினோரு வருஷத்தில் நான் பார்த்த ஒரே உண்மையான ப்ராஜெக்ட் அது. முப்பத்தொன்பது கொடுக்கலாம். நாற்பதே கொடுக்கலாம்.

அங்கேதான் சிக்கல். மார்க்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் தேர்வு வாரியத்தின் மென்பொருள் மாதிரிக்கு ஐந்து ப்ராஜெக்டுகளைக் கேட்கும். ஏறக்குறைய எல்லாரும் அதைக் குலுக்கல் என்று நம்புகிறார்கள். அது குலுக்கல் இல்லை. மார்க் வரிசையில் முதல், கடைசி, நடு, நடுவுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. பதினேழு பேர் என்றால் ஒன்று, ஐந்து, ஒன்பது, பதிமூன்று, பதினேழு. இதைக் கண்டுபிடித்த பெருமையில், கம்ப்யூட்டர் வகுப்பில் வரிசைப்படுத்தல் பாடத்துக்கு இதையே உதாரணமாக நடத்தியும் இருக்கிறேன். மாதிரி ஐந்தும் வாரியத்துக்குப் போகும் முன்பு பிரின்சிபால் மேசைக்குப் போகும். மிஸஸ் ஹோஸ்பெடாலஸ் ஐந்தையும் படிக்க மாட்டார். “எது டாப்? அத மட்டும் காட்டுங்க” என்பார்.

உண்மையான மார்க் போட்டால் அகீலாதான் டாப். பச்சை நிறக் கிரிக்கெட்டோடு என் பதினான்கு நிமிடம் பிரின்சிபால் மேசையில் கிடக்கும், ஜூலை நேர்காணலுக்கு மூன்று மாதம் முன்பு. இரண்டாவது இடத்தில் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

முப்பத்து நாலு போட்டேன். ஜேரனுக்கு ஒன்று கீழே.

நாற்பதுக்கு முப்பத்து நாலு நல்ல மார்க்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நல்ல மார்க்தான். அதனால்தான் அதைச் செய்ய முடிந்தது.

மறுநாள் அகீலா மையத்துக்கு வந்தாள்.

“சார், எனக்கு எத்தனை?”

“முப்பத்தி நாலு. சபாஷ்.”

அவள் முகம் மலரவும் இல்லை, வாடவும் இல்லை. “ஆறு எங்க சார் போச்சு?”

“வடிவமைப்பு.”

“எந்தப் பக்கம் சார்? இன்னும் நேரமிருந்தா மாத்திடுறேன்.”

“பொதுவா.”

“பொதுவான்னா?”

“பொதுவான்னா பொதுவாதாம்மா! எல்லாத்துக்கும் பக்கம் நம்பர் இருக்குமா?”

அவள் நோட்டில் ‘வடிவமைப்பு, பொதுவாக’ என்று எழுதிக்கொண்டாள். போகும்போது, “நீங்க படிவம் தரல சார். ஒண்ணு கொறஞ்சதுக்குத்தான் மார்க் போயிருக்குமோன்னு நெனச்சேன்” என்றாள். அவளைப் பொறுத்தவரை அது அவளுடைய குறை. இன்னொரு தடவை ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

பிரின்சிபால் ஜேரனின் சிமெண்ட் லாரி அட்டையைத் தடவிப் பார்த்தார். “இதுதான் மிஸ்டர் சூக்டியோ, மேன்மை” என்று கையெழுத்துப் போட்டார். ஜூலையில் என்னைத் துறைத் தலைவராக்கினார்கள். கதவில் பித்தளை நிறத்தில் பெயர்ப்பலகை வந்தது.

ஆகஸ்டில் ரிசல்ட் வந்தது. பொருளாதாரத்தில் எங்கள் பள்ளி சரிந்து கிடந்தது. கூடவே வாரியத்திலிருந்து ஒரு பக்கக் கடிதம். பிரின்சிபால் அதை எனக்கு வாசித்துக் காட்டினார்.

“மாதிரியில் முதலிடம் பெற்ற ப்ராஜெக்டில், பதிலளித்த முப்பது பேரும் பதினாறு வயதினர். முப்பது பேரும் மாதம் பதினோரு மூட்டை சிமெண்ட் வாங்குகின்றனர்.” கண்ணாடியைக் கழற்றினார். “மிஸ்டர் சூக்டியோ, பதினாறு வயசுப் பசங்க மாசம் பதினோரு மூட்டை சிமெண்ட் வாங்கி என்ன கட்டுறாங்க? பிரமிடா?”

“மிஸ், அது...”

“படிச்சீங்களா இல்லையா?”

“மேலோட்டமா.”

“நானும் அட்டையதான் பாத்தேன். ஆனா நான் பிரின்சிபால். எனக்கு அட்டைதான் வேலை.”

முதலிடத்திலேயே இந்த லட்சணம் என்றால் மற்றவை எப்படி இருக்கும் என்று வாரியம் முடிவுகட்டி, பள்ளியின் பதினேழு பேருக்கும் ஒன்பது மார்க் குறைத்துவிட்டது. அகீலாவின் முப்பத்து நாலு இருபத்தைந்தாகியிருந்தது. மூன்றாம் தரம். ஆறாம் ஃபார்ம் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

இதற்குப் பெற்றோர்கள் என்ன செய்தார்கள் என்று பாடநூலைப் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரிசல்ட் மோசமாக வந்தால் டியூஷன் அதிகம் வேண்டும். ஒரே வாரத்தில் மாடிக்கு இருபத்தாறு பேர் சேர்ந்தார்கள். சீபரன் பூரித்துப்போய் மேலே வந்தார்.

“வாத்தியாரே, ரிசல்ட் சரியில்லைன்னு கேள்விப்பட்டேன். பக்கத்து ரூமையும் காலி பண்ணி வெச்சுட்டேன். பெயிண்ட் டப்பாவெல்லாம் கீழ எறக்கிட்டேன். சுவத்த இடிச்சுட்டா ஹால் மாதிரி ஆயிடும்.”

“ஜேரனுக்கும் மார்க் போச்சே, அண்ணே.”

“அவன் எப்படியோ பாஸ் ஆயிட்டான். அவன் சிமெண்ட்டப் பத்தி எழுதுனதே எனக்குப் பெருமை. என்கிட்ட ஒரு வார்த்தை விலை கேக்கலையே, அதுதான் எப்படின்னு புரியல.”

அவர் இறங்கிப்போன படிகளில் அகீலா ஏறி வந்தாள். இரண்டு பக்கமும் தம்பிகள், பெரியவன் கையில் தாளில் சுற்றிய பொரித்த ரொட்டி. அவள் ஏறி வந்தது அதுவே முதல்தடவை. நாற்காலிகளை எண்ணினாள் என்று நினைக்கிறேன். அவளால் எண்ணாமல் இருக்க முடியாது.

“சேர வந்தியாம்மா? ஜனவரில மறுபடி எழுதலாம். உனக்கு ஃபீஸெல்லாம் வேணாம்.” அந்த நிமிடத்தில் என் தாராளம் எனக்கே பிடித்திருந்தது.

“இல்ல சார். ஜனவரில நான் வேலைக்குப் போயிருப்பேன். அம்மா கம்பெனியில ஆள் எடுக்குறாங்க.” பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். நூலகத்தில் அச்செடுத்தது. “மறுபார்வைக்கு விண்ணப்பம் சார். ஆனா என்னோடத மட்டும் அனுப்ப முடியாதாம். பதினேழையும் சேத்து அனுப்பணும். ஆசிரியர் விளக்கம், பிரின்சிபால் கையெழுத்து. வர்ற வெள்ளி கடைசி.”

“பதினேழையுமா? அதெல்லாம் ரொம்பச் சிக்கல்மா. வாரியம்னா சும்மாவா? என்ன விளக்கம் எழுதுறது?”

அவள் தம்பியின் கையிலிருந்து சரிந்த ரொட்டிப் பொட்டலத்தைப் பிடித்து நிமிர்த்தினாள். “ஏன் எல்லாருக்கும் கொறச்சாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன் சார். டாப் பொய்யா இருந்தா கீழ இருக்கிறதும் பொய்யின்னுதான நெனப்பாங்க. அது நியாயம்தான். என்னோடது டாப்புல இருந்திருந்தா கொறச்சிருக்க மாட்டாங்க.”

“அது... குலுக்கல்ல வர்றதும்மா.”

“குலுக்கல் இல்ல சார். நீங்கதான கம்ப்யூட்டர் கிளாஸ்ல சொல்லிக்குடுத்தீங்க. ஒண்ணு, அஞ்சு, ஒம்போது, பதிமூணு, பதினேழு. அந்தப் பாடம் மட்டும் கிளாஸ்லயே முடிச்சீங்க.”

குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. கீழே யாரோ தகரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னவன், “அக்கா, இதான் ஸ்கூலா?” என்று கேட்டான். “இல்லடா, இது மீதி” என்றாள். தாளை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நான் மிக நியாயமான காரணங்களோடு கழித்தேன். பதினேழையும் திறந்தால் பதினாறு பேரின் வேன் படிவங்களும் வெளியே வரும். அந்தப் பிள்ளைகளின் கதி என்ன? பள்ளியின் பெயர் என்ன? மையம் என்ன? எல்லாரையும் பற்றிக் கவலைப்பட்டேன். அந்த எல்லாரிலும் நான் எங்கோ கடைசியில், அடக்கமாக நின்றிருந்தேன்.

வியாழன் மதியம் இழுப்பறையில் பேனா தேடியபோது அந்தப் படிவம் கையில் தட்டுப்பட்டது. டபுள்ஸ் எண்ணெய் பட்டு ஒரு மூலை கண்ணாடிபோல ஆகியிருந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாள்.

‘பாடத்தை வகுப்பில் முடிக்காததற்கு முதன்மைக் காரணம்: அ. நேரமின்மை. ஆ. மாணவர் கவனமின்மை. இ. வசதியின்மை. ஈ. வேறு (ஒரு வரியில் குறிப்பிடவும்).’

‘அ’வில் டிக் போட்டேன். வட்ட வரைபடம் நினைவுக்கு வந்து அடித்தேன். ‘ஆ’வில் போட்டேன். என்னைக் கவனித்தவள்தானே இதை எழுதினாள் என்று அதையும் அடித்தேன். ‘இ’ என்றால் மை. மை இருந்திருந்தால் நான் என்ன அச்சடித்திருப்பேன்? கடைசியில் ஒரு வரி மட்டும் மிஞ்சியது. பொருளாதார வாத்தியாராகப் பதினோரு வருஷம் இருந்தும் ஒரு வரி எழுத ஒரு முழு மதியம் ஆனது.

‘வகுப்பில் முடித்துவிட்டால் மாடிக்கு யார் வருவார்கள்?’

கையெழுத்துப் போட்டேன். விளக்கக் கடிதம் அதன் பிறகு எளிதாக வந்தது: எடையைப் பார்த்து மார்க் போட்டேன், முதலிடத்துக்குரியதைத் தெரிந்தே இரண்டாமிடத்தில் மறைத்தேன்.

வெள்ளி காலை மிஸஸ் ஹோஸ்பெடாலஸ் கடிதத்தைப் படித்தார். அகீலாவின் ப்ராஜெக்டையும் முழுசாகப் படித்தார். அவர் எதையும் முழுசாகப் படித்து நான் பார்த்தது அன்றுதான்.

“இதுல கையெழுத்துப் போட்டா என் மையம் என்ன ஆகும்?”

“போடலைன்னா அந்தப் பொண்ணு நாளைக்குக் கிடங்குல காவலுக்கு நிப்பா, மிஸ்.”

“என்னை உருக வெக்காதீங்க. இங்க உருகுறதுக்கு அலவன்ஸ் கிடையாது.” கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். “மார்க் ஏறுச்சுன்னா பள்ளி முயற்சி எடுத்து வாங்கிக் குடுத்தது. எறங்குச்சுன்னா உங்க தனிப்பட்ட தவறு. சரிதானே?”

“சரி மிஸ்.”

“உங்க பெயர்ப்பலகை ஸ்க்ரூ போட்டதா, ஒட்டுனதா?”

“ஒட்டுனது.”

“நல்லது” என்று கையெழுத்துப் போட்டார்.

பதினேழையும் அட்டைப் பெட்டியில் கட்டினேன். அகீலாவின் பின்னிணைப்பில் முப்பத்தொன்றாவது படிவத்தை நானே செருகினேன். ஆறு மாதத் தாமதம்.

நவம்பரில் பதில் வந்தது. அகீலாவுக்கு முப்பத்தெட்டு, இரண்டாம் தரம். பதினாறு பேருக்குக் குறைத்த ஒன்பது குறைத்தபடியே நின்றது. ஜேரனுக்கு மட்டும் இன்னும் இறங்கியது. பிரின்சிபால் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ‘பள்ளியின் விடாமுயற்சி’ பற்றி ஆறு நிமிடம் பேசினார். கதவிலிருந்து பெயர்ப்பலகையை எடுத்தபோது பெயிண்டும் சேர்ந்து உரிந்து வந்தது. அந்த நீள்சதுரம் இன்னும் அங்கேயே இருக்கிறது. சீபரன் பக்கத்து அறையில் மறுபடி பெயிண்ட் டப்பாக்களை ஏற்றினார். இப்போது என்னை வாத்தியாரே என்று கூப்பிடுவதில்லை, மிஸ்டர் என்கிறார்.

நான் டியூஷனை நிறுத்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நிறுத்தவில்லை. இருபத்தாறு பேர் ஒன்பதாகியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டரை மாதம் தாமதமாக அகீலா ஆறாம் ஃபார்முக்கு வந்தாள். நடுவில் கிடங்கு வாசலில் நின்ற நாட்களில் போட்டிருந்த கறுப்பு பூட்ஸையே பள்ளிக்கும் போட்டிருந்தாள். முதல் வரிசையில் காலி இடம் இருந்தும் பழையபடி கடைசியில், கடிகாரத்துக்கு நேராக உட்கார்ந்தாள். எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

அன்றைக்குத் தேவை நெகிழ்ச்சி. முழுசாக நடத்திவிடுவது என்று முடிவோடு வந்திருந்தேன். வருகைப் பதிவை எடுக்கவில்லை, மின்விசிறியைத் தொடவில்லை, கைபேசியைப் பையிலேயே அணைத்து வைத்திருந்தேன். விலை ஏறினால் வாங்குவதை விடும் பொருள், என்ன ஏறினாலும் விட முடியாத பொருள் என்று பலகையில் இரண்டு கோடு போட்டேன். வகுப்பு எழுதிக்கொண்டிருந்தது. சூடு பிடித்தது. என் கை தானாகச் சாக்பீஸைக் கீழே வைத்தது. வாய் தானாகத் திறந்தது.

“மீதிய...”

“மாடியில!” என்று மொத்த வகுப்பும் கத்திச் சிரித்தது.

அகீலா சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ குறித்தாள். நானும் பார்த்தேன். பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது.

“இல்ல, இங்கதான்” என்று சொல்லிச் சாக்பீஸைத் திரும்ப எடுத்துப் பலகைப் பக்கம் திரும்பினேன். அடுத்து என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பதினோரு வருஷமாக இந்தப் பாடத்தின் இந்த இடத்துக்கு அப்பால் நான் பள்ளியில் காலெடுத்து வைத்ததில்லை. முதுகுக்குப் பின்னால் எல்லாரும் பேனாவோடு காத்திருந்தார்கள். இன்னும் இருபத்தொரு நிமிடம் இருந்தது. குறிப்பு நோட்டு மாடியில் இருந்தது.